லூப் குவாண்டம் ஈர்ப்பில் துகள் சிதறல்: காகிதமும் கால்குலேட்டரும் போதும், தொடங்கலாம்

இரண்டு துகள்கள் எதிரெதிரே வருகின்றன, ஒன்றையொன்று பாதிக்கின்றன, விலகிப் போகின்றன. எந்தத் திசையில் போக எவ்வளவு வாய்ப்பு? குவாண்டம் புலக் கோட்பாடு கற்கும் எவரும் முதலில் போடுகிற கணக்கு இது. இதையே லூப் குவாண்டம் ஈர்ப்பில், அதாவது ஐன்ஸ்டைனின் ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்க முயலும் ஒரு கோட்பாட்டில், போட உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும். "எதிரெதிரே" என்றால் எங்கே? "விலகி" என்றால் எதிலிருந்து எவ்வளவு தூரம்? தூரத்தை அளக்கத் தேவையான காலவெளியே இங்கே குவாண்டம் பொருளாகிவிட்டது. இந்தச் சிக்கல் எப்படி அவிழ்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பள்ளி முக்கோணவியல் தெரிந்தால் போதும்.

படி 1: சிக்கலைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

வழக்கமான சிதறல் கணக்கின் அடியில் ஒரு சார்பு இருக்கிறது. "இந்தப் புள்ளியில் ஒரு கலக்கம் ஏற்பட்டால் அந்தப் புள்ளியில் அது எவ்வளவு தெரியும்?" என்பதுதான் அது சொல்லும் எண். அதற்குப் புரொபகேட்டர் என்று பெயர். இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தூரம் கூடினால் அந்த எண் குறையும்.

பொதுச் சார்பியலில் புள்ளிகளுக்கு நாம் வைக்கும் ஆயங்கள் வெறும் பெயர்கள்தான். பெயரை மாற்றினால் இயற்பியல் மாறாது. ஆகவே இரண்டு புள்ளிகளையும் காகிதத்தில் எங்கே நகர்த்தினாலும் விடை அதேதான். எங்கும் மாறாத எண்ணிலிருந்து சிதறலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இதற்கான பதில்தான்.

படி 2: வெளி எதனால் ஆனது?

இந்தக் கோட்பாட்டில் வெளி என்பது ஒரு வலை. அதை ஸ்பின் வலை என்பார்கள். வலையின் ஒவ்வொரு இழையிலும் 1/2, 1, 3/2 என்று ஒரு சுழல் எண் எழுதியிருக்கும். ஒரு பரப்பை எத்தனை இழைகள் துளைத்துப் போகின்றன, அவற்றின் சுழல் எண்கள் என்ன என்பதுதான் அந்தப் பரப்பளவு. ரோவெல்லியும் ஸ்மோலினும் 1995-இல் காட்டியது இது. சுழல் எண் 1/2 உள்ள ஒரே இழை தரும் பரப்பு, இம்மிர்சி மாறிலியை (கோட்பாட்டில் வரும் ஓர் எண்) 1 என்று வைத்தால், சுமார் 5.7 × 10⁻⁶⁹ சதுர மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இப்படிப்பட்ட இழைகள் ஏறக்குறைய 1.8 × 10⁶⁴ வேண்டும். சரி, மேலே போவோம்.

படி 3: சோதனைச்சாலையின் சுவரைக் கணக்குக்குள் கொண்டுவாருங்கள்

2005-இல் மாடெஸ்டோவும் ரோவெல்லியும் முன்வைத்த வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒரு சோதனையைப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவர்களில் கருவிகள் பொருத்தியிருக்கின்றன. சோதனை ஒரு நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடிகிறது. தொடக்க நிலை, முடிவு நிலை, இடைப்பட்ட நேரம் முழுக்கச் சுவர்கள் கடந்து வந்த பாதை, இந்த மூன்றும் சேர்ந்து காலவெளியின் ஒரு துண்டைச் சுற்றி மூடுகின்றன.

அந்த எல்லையில் ஈர்ப்புப் புலமும் இருக்கிறது. ஈர்ப்புப் புலம் என்றாலே தூரமும் நேரமும்தான். ஆக, கருவிகளுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆனது என்பதெல்லாம் எல்லையின் குவாண்டம் நிலையிலேயே எழுதியிருக்கிறது. வெளியிலிருந்து அளவுகோல் கொண்டுவர வேண்டியதில்லை. எல்லை நிலையை ஒரு குறிப்பிட்ட வடிவத்தைச் சுற்றிக் குவித்து வைத்தால், "அந்தத் தூரத்தில் உள்ள இரண்டு கருவிகள்" என்ற சொற்றொடருக்கு மறுபடியும் பொருள் வந்துவிடுகிறது.

படி 4: பெட்டிக்குள் என்ன நடக்கிறது? ஒரு கணக்கு

உள்ளே ஸ்பின் வலை மாறிக்கொண்டே இருக்கிறது. அந்த மாற்றத்தின் வரலாற்றை ஸ்பின் நுரை என்கிறார்கள். நுரையின் ஒவ்வொரு முனைக்கும், அதாவது வலை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும், ஒரு வீச்சு உண்டு; வாய்ப்பைக் கணக்கிட உதவும் எண் அது. நான்கு பரிமாணத்தில் ஒரு முனைக்கே ஐந்து நான்முகிகளும் பத்து முக்கோணங்களும் தேவைப்படும். கையால் போட மூன்று பரிமாண மாதிரிதான் வசதி. நேரத்தையும் இன்னொரு வெளித் திசைபோல் எடுத்துக்கொள்ளும் இந்த மாதிரியைப் பொன்சானோவும் ரெட்ஜேயும் 1968-இலேயே தந்துவிட்டார்கள். அதில் ஒரு முனை என்பது ஒரே ஒரு நான்முகி. அதன் ஆறு விளிம்புகளுக்கும் ஆறு சுழல் எண்கள். வீச்சு, ஆறு-ஜே குறியீடு என்ற எண்.

ஆறு சுழல் எண்களையும் 1 என்று வையுங்கள். இந்தக் குறியீட்டைக் கணக்கிடும் ராக்கா சூத்திரத்தில் போட்டால் இரண்டே உறுப்புகள் மிஞ்சும்: 120, −24. கூட்டினால் 96. முன்னால் உள்ள காரணி 1/576. விடை 96/576, அதாவது 1/6, தசமத்தில் 0.1667. இதுவரை வடிவியல் எதுவும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது அதை மறந்துவிட்டு, ஒரு நிஜ நான்முகியை எடுங்கள். விளிம்பின் நீளம் சுழல் எண்ணோடு அரை, அதாவது 1.5.

கன அளவு: 1.5-இன் கனத்தை 6√2-ஆல் வகுத்தால் 0.3977.
ஒவ்வொரு விளிம்பிலும் வெளிக்கோணம் 109.47 டிகிரி, ரேடியனில் 1.9106.
நீளம் × கோணம், ஆறு விளிம்புக்கும்: 6 × 1.5 × 1.9106 = 17.196.

இந்தக் கடைசி எண்தான் ரெட்ஜே வினை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்பைத் தட்டையான துண்டுகளாக வெட்டி எழுதினால் வருவது இதுதான். அதோடு பை/4 கூட்டுங்கள், கோசைன் எடுங்கள், (12 × பை × கன அளவு) என்ற பெருக்குத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். கால்குலேட்டரை ரேடியனில் வைக்க மறக்காதீர்கள். 0.6460-ஐ 3.872-ஆல் வகுத்தால் 0.1668.

0.1667-உம் 0.1668-உம்! முதன்முதலில் இதைக் கையால் போட்டுப் பார்த்தபோது நெடுநேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நெருக்கம் ஓரளவு தற்செயல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சுழல் எண்ணும் 2 என்றால் துல்லிய விடை −3/70, கோசைன் வழி −0.0468, ஏறக்குறைய 9 சதவீத வித்தியாசம். 3 என்றால் −1/14-க்கு எதிரே −0.0723, வித்தியாசம் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டும். சுழல் எண்கள் பெரிதாகப் பெரிதாக, இரண்டும் ஒன்றாகிவிடும்.

படி 5: கோசைனிலிருந்து கிராவிட்டானுக்கு

இனி கிராவிட்டானுக்கு, அதாவது ஈர்ப்பின் குவாண்டம் துகளுக்கு, வருவோம். கோசைன் என்பது எதிரெதிர்க் கட்டங்கள் கொண்ட இரண்டு அலைகளின் கூட்டல். கட்டம் என்பது அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. நமக்கு வேண்டியது ஒன்றுதான். எல்லை நிலை வெறும் வடிவத்தை மட்டுமல்ல, அந்த வடிவம் எப்படி வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்பதையும் தன் கட்டத்தில் சுமக்கிறது. அது ஓர் அலையோடு ஒத்துப்போகிறது, மற்றதை அடித்துவிடுகிறது. இந்த வழியில் ரோவெல்லி 2006-இல் நான்கு பரிமாணக் கணக்கைப் போட்டபோது, புரொபகேட்டர் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைந்தது. நியூட்டன் விதி கிராவிட்டானிலிருந்து வர வேண்டுமானால் தேவைப்படும் குறைவு இதுவேதான்.

ஆனால் 2007-இல் அலெஸ்கியும் ரோவெல்லியும் புரொபகேட்டரின் மீதிக் கூறுகளைச் சோதித்தபோது, அப்போது பயன்பட்ட பாரெட்–கிரேன் மாதிரி தவறான விடை தந்தது. அந்தத் தோல்வி பெரும் உதவியாகிவிட்டது. முனை வீச்சைத் திருத்திய புதிய மாதிரிகள் 2008-க்குள் வந்தன. 2009-இல் அவற்றில் ஒன்றைக் கொண்டு பியாங்கி, மாக்லியாரோ, பெரினி மூவரும் கணக்கைத் திரும்பப் போட்டார்கள், பொருந்தியது. சிதறல் கணக்குகளை நான் விரும்பிப் படிக்க இதுவே காரணம்: கோட்பாடு தப்பாகப் போனால் இங்கே பிடிபட்டுவிடும்.

படி 6: பருப்பொருள் துகள்கள்

நான்கு பரிமாணத்தில் எலக்ட்ரான் போன்றவை வலையின் கணுக்களில் உட்காரும், மின்காந்தப் புலம் இழைகளின் வழியே ஓடும். மூன்று பரிமாணத்தில் இதைக் கையிலேயே பிடித்துப் பார்க்கலாம், ஏனென்றால் அங்கே துகள் என்பது ஒரு கூம்பின் நுனி.

ஒரு காகிதத்தின் நடுவில் புள்ளி வையுங்கள். அதற்கு இருபுறமும் 2 சென்டிமீட்டர் தள்ளி, கீழிருந்து மேலாக இரண்டு இணைகோடுகள் வரையுங்கள். புள்ளியிலிருந்து மேல்நோக்கி விரியும் 60 டிகிரி ஆப்பு ஒன்றை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டு விளிம்புகளை ஒட்டுங்கள். இணையாகக் கிளம்பிய கோடுகள் நுனியிலிருந்து 4 சென்டிமீட்டரில், ஒட்டிய தையலின் மேலேயே, 60 டிகிரியில் ஒன்றையொன்று வெட்டும். எந்த விசையும் அவற்றை இழுக்கவில்லை. காகிதம் எங்கும் தட்டைதான், நுனியைத் தவிர.

வெட்டிய கோணம்தான் துகளின் நிறை. கோணம் முழு வட்டத்தைத் தாண்ட முடியாது என்பதால் நிறைக்கும் மேல்வரம்பு வந்துவிடுகிறது. உந்தமும் இப்படித்தான், அது ஒரு சுழற்சியாகிவிடுகிறது. இரண்டு துகள்கள் சந்திக்கும்போது உந்தங்களைக் கூட்டுவதில்லை, ஒரு சுழற்சிக்குப் பின் இன்னொன்றைச் செய்கிறோம். ஒரு புத்தகத்தை முதலில் முன்பக்கம் சாய்த்து அப்புறம் பக்கவாட்டில் திருப்புங்கள். பிறகு வரிசையை மாற்றிச் செய்யுங்கள். புத்தகம் வேறு வேறு நிலையில் வந்து நிற்கும். ஃப்ரைடெலும் லிவைனும் 2006-இல் மூன்று பரிமாண ஈர்ப்போடு சேர்ந்த துகள்களுக்கு எழுதிய புலக் கோட்பாட்டில், மோதலின் ஒவ்வொரு சந்திப்பிலும் உந்தங்கள் சேர்வது, வரிசையை மாற்றினால் விடையும் மாறும் இந்த முறையில்தான்.