வாசிக்கத் தடுமாறும் நோயாளிக்கு மருந்து முறையை விளக்குதல்

படுவான்கரையிலிருந்து மட்டக்களப்புக்குக் கிளினிக் வரும் வயோதிபரிடம் "விளங்கிச்சா ஐயா?" என்று தாதி கேட்டால், விளங்காவிட்டாலும் அவர் மரியாதைக்காகத் தலையசைத்துவிடுவார். அந்தக் கேள்விக்குப் பதிலாக, "வீட்டில் மகள் கேட்டால், இந்தக் குளிசையை எப்படிக் குடிப்பதென்று சொல்வீர்கள்?" எனக் கேளுங்கள். அவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லும்போது பிழை வந்தால், அதை நமது விளக்கத்தின் குறையாகக் கொண்டு, வேறு விதமாகச் சொல்லி மீண்டும் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள வழி வேறில்லை.

"நாளொன்றுக்கு 2 தடவை" என்பது நமக்குத் தெளிவாக இருந்தாலும், விடியுமுன் வயலுக்குப் போகிறவருக்கு அது எதையும் உணர்த்தாது. நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபோர்மின் குளிசை வெறும் வயிற்றில் குமட்டலைத் தரக்கூடியது என்பதால், அவர் எப்போது சாப்பிடுகிறார் என்று முதலில் கேட்டு, "காலைச் சாப்பாட்டோடு ஒன்று, இராச் சாப்பாட்டோடு ஒன்று" என்று சொல்லி, மருந்துப் பையில் சூரியனையும் சந்திரனையும் வரைந்து கொடுங்கள். நீரிழிவைச் சீனி வருத்தம் என்றே சொல்லலாம், அதில் தவறில்லை. ஒரே வருகையில் இரண்டு மூன்று விடயங்களுக்கு மேல் சொல்ல வேண்டாம்.

"கண்ணாடியை மறந்து வந்துட்டன்" என்பவருக்கு வாசிக்கத் தெரியாமலும் இருக்கலாம். பிறர் முன்னிலையில் அதைத் துருவிக் கேட்காமல், நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடி, அக்கரைப்பற்று போன்ற ஊர்களில், ரமழான் நோன்புக்குச் சில வாரங்கள் முன்னரே மருந்து நேரத்தைப் பற்றிப் பேச்செடுத்து, நோயாளிகள் தாமாக அளவை மாற்றிக்கொள்ளாதபடி வைத்தியரிடம் அனுப்பிவையுங்கள்.