"ரெஃப்ரி காசு வாங்கிட்டான்"னு கத்துறதுக்கு முன்னாடி

2024 ஜூன் 11 ராத்திரி தோஹால நடந்த இந்தியா-கத்தார் ஃபுட்பால் மேட்ச்சை பாத்தவங்களுக்கு இன்னமும் வயிறு எரியும். சாங்டே கோல்ல நாம லீட், அப்படியே முடிஞ்சிருந்தா உலகக்கோப்பை தகுதிச்சுத்துல முதல் தடவையா மூணாவது ரவுண்டு, 73வது நிமிஷம் நம்ம கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்த பந்து கோல்போஸ்ட்டுக்கு பக்கத்துல கோட்டை தாண்டி வெளிய போயிருச்சு, அதை கத்தாரோட ஹாஷ்மி ஹுசைன் காலால இழுத்து உள்ள கொண்டாந்து கொடுக்க, யூசுஃப் அய்மன் அடிச்சாரு, ரெஃப்ரி கோல்னு கொடுத்துட்டாரு. 2-1ல தோத்து வெளிய வந்தோம். "வித்துட்டான்யா"ன்னு நானும்தான் கத்துனேன்.

அதான் முதல் தப்பு. அந்த மேட்ச்ல விஏஆர் (வீடியோ பாத்து ரெஃப்ரி முடிவை சரிபாக்குற முறை) கிடையாது, நமக்கு டிவில ஸ்லோமோஷன்ல பத்து தடவை ஓடுனது அவருக்கு ஒரே தடவை, அதுவும் நாலஞ்சு கால்களுக்கு நடுவுல. முடிவு படுமோசம், விசாரணை வேணும்னு கேட்டதும் நியாயம், ஆனா பந்து வெளிய போனதுக்கு இருக்குற சாட்சியை காசு கைமாறுனதுக்கும் சாட்சியா காட்ட முடியாது.

அடுத்தது ரூல் தெரியாம கொதிக்கிறது. 2023 மார்ச் 3, ஐஎஸ்எல் லீக்ல பெங்களூர்-கேரளா பிளாஸ்டர்ஸ் பிளேஆஃப், பெங்களூரோட சேத்ரி டக்குனு அடிச்சு கோலாக்குன ஃப்ரீ கிக் ஞாபகம் இருக்கா? "விசிலே அடிக்கலயே"ன்னு பாதி பேர் கத்துனாங்க, விசில் எல்லா ஃப்ரீ கிக்குக்கும் வேணும்னு கிடையாது, எதிரணிக்காரங்க சுவரா நிக்க தூரம் அளக்குறதுக்காக ரெஃப்ரி நிறுத்தி வெச்சிருந்தா காத்திருக்கணும். அன்னிக்கு நிறுத்தி வெச்சாரா இல்லயாங்கறதுதான் சண்டையே (கேரளாக்காரங்க கிட்ட இதை இப்பவும் பேசிப்பாருங்க, டீ ஆறிடும்). பிளாஸ்டர்ஸ் கோவத்துல கிரவுண்டை விட்டே வெளிய போயிட்டாங்க, கிளப்புக்கு 4 கோடி அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை. ரெஃப்ரி மேல கேள்வியே இருந்தாலும் நடுவுல வெளிநடப்பு பண்ணா கேஸ் நம்ம மேல திரும்பிரும்.

சாய்ஞ்ச கேமரால எடுத்த ஸ்கிரீன்ஷாட்ல நாமளே கோடு போட்டு ஆஃப்சைடு தீர்ப்பு சொல்றதையும் விட்டுருங்க.

அப்போ சந்தேகமே படக்கூடாதான்னா, படலாம். ஒரே ஃபவுல் வீடியோக்களை கூட்டத்தோட சத்தத்தோடயும் சத்தமில்லாமயும் ரெஃப்ரிகளுக்கு போட்டு காட்டுனப்போ, சத்தம் கேட்டவங்க ஹோம் டீமுக்கு எதிரா கம்மியாத்தான் ஃபவுல் கொடுத்தாங்க. இதுக்கு யாரும் லஞ்சம் கொடுக்கல, காதுல விழுந்த இரைச்சல் போதுமா இருந்துச்சு.

நிஜமாவே தில்லுமுல்லு நடந்த கேஸும் உண்டு. 2006ல இத்தாலில, யார் ரெஃப்ரியா வரணும்ங்கறதுல தலையிட்டதுக்காக யுவென்டஸ் கிளப்பை ரெண்டாவது டிவிஷனுக்கு இறக்குனது ஒட்டுக்கேட்ட ஃபோன் பேச்சை வெச்சு. ஜெர்மனில ராபர்ட் ஹோய்சர்னு ரெஃப்ரி, 2004ல ஹம்பர்க் 2-0ன்னு முன்னாடி இருந்த மேட்ச்ல ரெண்டு பெனால்டி, ஒரு ரெட் கார்டு கொடுத்து பாடர்போர்னை 4-2ல ஜெயிக்க வெச்சாரு. காசு கொடுத்தது பாடர்போர்ன் இல்ல, பெட்டிங் கும்பல். மொத்தமா 67,000 யூரோவும் ஒரு டிவியும். அவர் மேல சந்தேகம்னு போய் சொன்னது கூட இருந்த ரெஃப்ரிகளேதான்.