‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்தில் பார்வை சறுக்கும் இடங்கள்

வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பீடத்துக்குப் பின்னுள்ள சுவரை முழுக்க நிறைக்கிறது மைக்கலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ (1536–1541). நடுவில் கையை ஓங்கிய கிறிஸ்து. சுற்றிலும் திண்ணென்ற உடல்கள். கைகளில் கத்தி, அம்பு, இரும்புச் சீப்பு, உடைந்த சக்கரம். பாவிகளை அடிக்க வந்த படை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைசாட்சிகள். வேலைப் பார்த்து முருகனை அறிகிறோமே, அதேபோல் இங்கும் கையிலிருப்பதே அடையாளம். ஆனால் அது அவர்களுடைய ஆயுதமல்ல, அவர்களை வதைத்த கருவி. லாரன்சிடம் ஏணிபோலத் தெரிவது, அவரைக் கிடத்தி நெருப்பில் வாட்டிய இரும்புச் சட்டம்.

உயிரோடு தோலுரிக்கப்பட்ட மறைசாட்சி பர்த்தலமேயு ஒரு கையில் கத்தியும் மறு கையில் உரித்த தோலும் பிடித்திருக்கிறார். அது அவருடைய தோல்தானே என்று கடந்துவிடாதீர்கள். அவருக்கு வழுக்கைத் தலை, நீண்ட வெண்தாடி; தொங்கும் தோலின் முகமோ வேறு ஆளுடையது. அது மைக்கலாஞ்சலோவின் முகம் என்று 1925இல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ லா காவா சொன்னார், பலரும் ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை சரி. அதை வைத்து ஓவியரின் மனநோய் வரலாறே எழுதுவது அதிகப்படி.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, பிற்காலத் திருத்தத்துக்கு ஆழ்ந்த பொருள் கற்பிப்பது. சக்கரம் ஏந்திய கத்தரீன் முதலில் நிர்வாணமாக இருந்தார். பின்னால் சீப்புடன் நின்ற பிளேசியார் அவர்மேல் குனிந்திருந்தார். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1564இல் மைக்கலாஞ்சலோ இறந்தபின், தானியேலே தா வொல்தெர்ரா என்ற ஓவியர் அந்தப் பகுதியின் சுண்ணப்பூச்சையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். கத்தரீனுக்கு உடை வந்தது. பிளேசியாரின் தலை கிறிஸ்துவை நோக்கித் திரும்பியது. ‘துன்புற்றவர் நீதிக்காக நீதிபதியைப் பார்க்கிறார்’ என்று உருகுவதற்குமுன் அது யார் கை வேலை என்று கேட்க வேண்டும். வெனுஸ்தி என்ற ஓவியர் 1549இல் வரைந்த நகல் நேப்பிள்ஸில் இருக்கிறது. பழைய நிலையை அதில் பார்க்கலாம்.

இருண்ட நிறங்களைப் பற்றிய பழைய வியாக்கியானங்களையும் நம்ப வேண்டாம். அந்த இருளில் பெரும்பங்கு மெழுகுவர்த்திப் புகை. 1994இல் முடிந்த துப்புரவுப் பணியில் பளிச்சென்ற நீலம் வெளிவந்தது.

வலது கீழ்மூலையில் கழுதைக் காதும் உடலைச் சுற்றிய பாம்புமாக நிற்பவனைச் சாத்தான் என்பார்கள். அவன் மினோஸ், இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தில் பாவிகளுக்கு இடம் ஒதுக்கும் நீதிபதி. ஓவியத்தைக் குறை சொன்ன பாப்பரசரின் சடங்கு அதிகாரி பியாஜோவின் முகத்தை மைக்கலாஞ்சலோ அவனுக்குக் கொடுத்தார் என்று, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி எழுதியிருக்கிறார். சுவையான வம்புதான். ஆனால் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்பவர்கள், இந்தச் சுவரில் தீர்ப்பு வழங்குபவர்கள் இருவர் என்பதைக் கவனிப்பதில்லை.