ஒராண்டாவும் வேலூர் வெயிலும்

போன சித்திரையில் சென்னைக் கொளத்தூரில் வாங்கிய இரண்டு ஒராண்டா தங்கமீன்களை மடியில் வைத்தே பஸ்ஸில் சத்துவாச்சாரி கொண்டு வந்தேன். மூன்றாம் நாள் ஒன்று தலைகீழாக மிதக்க, மற்றது மேலே வந்து வாயைப் பிளந்தது. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. "மீனுக்கும் ஃபேன் போடுடா" என்று அம்மா கிண்டலாகச் சொல்ல, நிஜமாகவே டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் வீசும்படி வைத்தேன், ஏர் பம்ப்பும் போட்டேன், சூடு தணிந்தது.

மிதந்ததற்குக் காரணம் வேறு. உருண்டையாக வளர்த்தெடுத்த உடம்பில் குடலும், மீனை மிதக்க வைக்கும் காற்றுப்பையும் நெருக்கியடித்துக் கிடக்கும், மிதக்கும் தீனியோடு காற்றையும் விழுங்கினால் அவ்வளவுதான். இரண்டு நாள் பட்டினி, அப்புறம் ஊறவைத்த, மூழ்கும் தீனி. புது ஃபில்டரில் மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா வளரும்வரை தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றினேன். ஒரே வாரத்தில் மீன் நிமிர்ந்துவிட்டது. இப்போது கரண்ட் போனால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது.