செம்மண் சேறு படிந்த ரைடிங் உடைகளை வீட்டிலேயே துவைப்பது எப்படி?

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண் தடங்களிலும் கண்மாய்க் கரைகளிலும் பைக் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் வீடு திரும்பியதும் செய்கிற முதல் தவறு, கழற்றிய உடைகளை அப்படியே சோப்புத்தூள் கரைத்த வாளியில் அமிழ்த்துவதுதான். சேறு போகுமுன் சோப்பு போட்டால், சோப்பின் வேலையெல்லாம் சேற்றோடேயே தீர்ந்துவிடும். துணிக்குள் ஊறிய வியர்வைக்கு எதுவும் மிஞ்சாது. வெறும் தண்ணீரால் மண்ணை முழுவதுமாக வெளியேற்றிய பிறகே சோப்பை எடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் முள் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளில் சீமைக் கருவேலம் இல்லாத இடமே அரிது. அதன் முள் பூட்ஸின் அடிப்பாகத்திலும், கையுறையின் விரலிடுக்கிலும், முழங்கால் கவசத்தின் நுரைப் பகுதியிலும் ஒடிந்து நின்றுகொள்ளும். வெளியே தெரிவது ஒரு கடுகளவுதான் இருக்கும், உள்ளே அரை விரல் நீளம் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் உடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சாமணத்தால் பிடுங்கிய பின்பே கசக்கக் கை வைக்கலாம்.

சேற்றிலும் இரண்டு வகை உண்டு. கண்மாய்க்குள் ஒட்டுகிற களிமண் கட்டி கட்டியாக அப்பிக்கொள்ளும். அது அரைக்காய்ச்சலாகக் காயும்வரை விட்டுவிட்டு, கொட்டாங்கச்சியின் விளிம்பால் நெம்பினால் ஏடு ஏடாகப் பெயர்ந்து வரும். செம்மண் அப்படிப்பட்டதல்ல. மாவுபோன்ற அந்தத் துகள் நெசவுக்குள் புகுந்து காய்ந்துவிட்டால் பிறகு எடுப்பது கடினம் என்பதால், அன்று மாலையே அலசிவிடுவது நல்லது. ஜெர்சியையும் பேண்டையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, குழாயிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரைத் துணியின் பின்பக்கம் படும்படி விட்டால், மண் வந்த வழியே வெளியேறும். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை இதைச் செய்ய வேண்டும். தேய்க்கத் தேவையே இல்லை.

அலசும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். குடிதண்ணீர் எடுக்கும் ஊருணியில் இந்த வேலை கூடவே கூடாது. வீட்டுக்குள் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலும் வேண்டாம். அந்தக் கல் சிமெண்டால் ஆனது. புளிப்பான எதுவும் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். கறை எடுக்கப் பிழிந்த எலுமிச்சைச் சாற்றைப் பட்டாலைக் கூடத்தில் கொட்டிவிட்டு, உடனே துடைத்தும்கூட வெளிறிப்போன ஒரு திட்டு இன்றுவரை எங்கள் வீட்டில் இருக்கிறது. விருந்தாளி வரும்போதெல்லாம் அப்பத்தா அதன்மேல் பாயை இழுத்துப் போடுவார். பின்கட்டில் கிணற்றடிக் கல்லே இதற்கு உகந்த இடம். மண் தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விடாமல் தென்னை மரத்தடிக்குத் திருப்பிவிட்டால் குழாயும் அடைக்காது.

மண் போன பிறகும் நிற்கிற சிவப்பு, அழுக்கல்ல. செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. வெளுப்பான் அதை நீக்காது, துணியின் சாயத்தை மட்டும் நீக்கும். எலுமிச்சைச் சாற்றில் சிறிது உப்பைக் கலந்து கறையில் தடவி, அரை மணி நேரம் நிழலில் வைத்து அலசினால் பெருமளவு மங்கும். மறைவான ஒரு தையலோரத்தில் முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பே வெளுப்பான் பட்ட துணியில் எலுமிச்சையை ஊற்றக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு உண்டாகும்.

இனிச் சோப்பு. உடைக்குள் செருகியிருக்கும் ஆர்மர் (கவச) துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, ஜிப்புகளை மூடி, வெல்க்ரோக்களை ஒட்டிவிட வேண்டும். திறந்த வெல்க்ரோ ஜெர்சியின் வலைத்துணியைப் பிய்த்துவிடும். திரவச் சோப்பைக் குறைவாகவே பயன்படுத்துங்கள். போரிங் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றத் தோன்றும். அப்படி ஊற்றியது அலசலில் போகாமல் துணியிலேயே தங்கி நாற்றத்துக்கு இடம் கொடுக்கும். வளவு வாசலில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், அண்டா வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிற வீடுகளில், கடைசி அலசலுக்கு அந்த மழைத் தண்ணீரைவிடச் சிறந்தது கிடையாது. துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் வேண்டாம். மழைச் சட்டையின் நீர்புகாத் தன்மையை அது கெடுத்துவிடும். கையுறைகளை மாட்டிக்கொண்டே வாளிக்குள் கை கழுவுவதுபோலக் கழுவினால் விரலிடுக்குவரை சுத்தமாகும்.

ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுகளைக் கழற்றி ஷாம்பூ கலந்த தண்ணீரில் மெல்ல அமுக்கிப் பிழியாமல் எடுக்க வேண்டும். ஓட்டின்மேல் காய்ந்த சேற்றைச் சுரண்டாமல், ஈரத் துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் தானாக இளகும். பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்கிற பழக்கம் ஆபத்தானது. விழும்போது அடியைத் தாங்குகிற உள்கூடு தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்தது. பெட்ரோல் பட்டால் அது கரையும். காகிள்ஸின் உட்புறம் பனி படராமலிருக்கப் பூசிய பூச்சு இருப்பதால் அங்கே தண்ணீர் மட்டும் ஓடவிட்டு உதறி வைக்க வேண்டும், துடைக்கக் கூடாது.

உலர்த்துவது எல்லாமே நிழலில்தான். முழங்கால் பக்கம் தோல் வைத்துத் தைத்த பேண்டை நம் வெயிலில் போட்டால் மாலைக்குள் அப்பளம்போல் விறைத்துவிடும். பூட்ஸின் பக்கிள்களில் சிக்கிய மணலை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்து, உள்ளுறையைத் தனியே உருவி, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து முகப்புத் திண்ணையில் காற்றோட்டமாக வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். கார்த்திகை மாதத்து ஈரக்காற்றில் முதல் நாள் மட்டுமே மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும்.