மெய்நிகர் வட்டைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே சேவையகத்தில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளான விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐயில் புதிய மெய்நிகர் கணினியை உருவாக்கும்போது, அதன் வட்டுக்கு தின், லேசி ஜீரோடு திக், ஈகர் ஜீரோடு திக் என்ற மூன்று வகைகள் காட்டப்படும். தின் வட்டு எப்போதும் மெதுவானது என்று முடிவுகட்டி, எல்லாக் கணினிகளுக்கும் ஈகரையே கொடுத்துவிடுவதுதான் பரவலான முதல் தவறு.

தின் வட்டின் ஒரு பகுதியில் முதன்முறையாக எழுதும்போதுதான் டேட்டாஸ்டோரில் (மெய்நிகர் வட்டுகளின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடத்தில்) அதற்கு இடம் ஒதுக்கப்பட்டு, பூச்சியங்கள் நிரப்பப்பட்டு, பிறகு உண்மையான தரவு பதிகிறது. லேசியில் இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும், பூச்சியம் நிரப்பும் வேலை மட்டும் முதன்முறை எழுதும்போது நடக்கும். ஈகரில் இரண்டுமே வட்டை உருவாக்கும்போதே முடிந்துவிடும். எனவே புத்தம்புதிய வட்டில் 10 ஜிபி கோப்பை எழுதி வேகத்தை அளந்தால், தெரிவது அப்படி முதன்முறை எழுதுவதற்கான செலவு மட்டுமே. கோப்பை அழிக்காமல் அதன் மேலேயே மீண்டும் எழுதிப் பாருங்கள். மூன்று வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய மறைந்திருக்கும். புதிய இடங்களில் ஓயாமல் எழுதி வளரும் தரவுத்தளங்களுக்கு ஈகர் பொருத்தமானது. சாதாரண இணையச் சேவையகத்துக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

தின்னில் அஞ்ச வேண்டியது வேகத்தை அல்ல, கணக்கை. 1 டிபி டேட்டாஸ்டோரில் 100 ஜிபி வட்டுகள் பதினைந்தை வைத்துவிட்டுக் கண்காணிக்காமல் இருந்தால், இடம் தீர்ந்த நாளில் புதிய இடம் கேட்கும் கணினி அப்படியே நின்றுவிடும்.

ஈகரைக் கொடுத்துவிட்டு, கணினியின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை மாதக்கணக்கில் விட்டுவைப்பது இன்னொரு தவறு. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து எழுதப்படும் தரவு யாவும் தனியான டெல்டா கோப்புக்குச் செல்கிறது. அதுவும் எழுத எழுத வளரும் கோப்புதான் என்பதால், ஈகரால் கிடைத்த பயன் அங்கேயே கரைந்துவிடும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று விஎம்வேரே அறிவுறுத்துகிறது.

வட்டு வகையைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள்கூட, வட்டை மெய்நிகர் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலரைக் கவனிப்பதில்லை. எல்எஸ்ஐ லாஜிக் எஸ்ஏஎஸ் கன்ட்ரோலரோடு ஒப்பிட்டால், வட்டில் அதிகமாக எழுதும் கணினிகளில் விஎம்வேரின் பிவிஸ்கஸி கன்ட்ரோலர் குறைந்த சிபியூ செலவில் கூடுதல் கோரிக்கைகளைக் கையாளும். ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினியில் துவக்க வட்டின் கன்ட்ரோலரை நேரடியாக மாற்றிவிடாதீர்கள். முதலில் சிறிய வட்டு ஒன்றைப் பிவிஸ்கஸியில் இணைத்து, மெய்நிகர் கணினிக்குள் நிறுவப்படும் விஎம்வேர் டூல்ஸ் தரும் டிரைவர் செயல்படுவதை உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகே துவக்க வட்டை மாற்ற வேண்டும். இல்லையேல் அடுத்த துவக்கத்தில் நீலத் திரைதான் தெரியும்.