பிஸ்டல் தகுதிச் சுற்று: சேலத்தில் தயாராகிறவர்களுக்கு

10 மீட்டர் ஏர் பிஸ்டல் கார்டில் (இலக்கு அட்டையில்) பத்து மார்க் தரும் நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி. அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் 8 மி.மீ. தள்ளி. இதைப் பார்த்ததும் புதிதாக வருகிறவர்கள் கை ஆடக் கூடாதென்று கையோடு மல்லுக்கட்டுவார்கள். கை ஆடத்தான் செய்யும். ஒலிம்பிக்கில் நிற்கிறவருக்கும் ஆடும். மார்க் போவது வேறு இடத்தில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏர் பிஸ்டலில் முன்குறிக்கும் (குழல் முனையில் நிற்கும் குறி) பின்குறிக்கும் (கண்ணுக்கு அருகே உள்ள பள்ளம்) இடைவெளி சுமார் 30 செ.மீ. கை மொத்தமாக 8 மி.மீ. நகர்ந்தால் பெல்லட்டும் (ஏர் பிஸ்டலின் ஈயக் குண்டு) 8 மி.மீ.தான் நகரும், ஒரு மார்க் போகும். டிரிகரை வெடுக்கென்று இழுத்து, பின்குறிப் பள்ளத்துக்குள் முன்குறி 1 மி.மீ. விலகினால் கார்டில் அது 33 மி.மீ. நாலு மார்க் காலி. போலீஸ் கையிலிருக்கும் 9 மி.மீ. பிஸ்டலில் குறி இடைவெளி 16 செ.மீ. பக்கம்தான். 25 மீட்டரில் அதே 1 மி.மீ. தவறு 15 செ.மீ.க்கு மேல் போகும். அதனால் பயிற்சி முழுக்க ஒரே விஷயத்துக்காக: டிரிகர் அழுத்தும்போது இரண்டு குறிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகக் கூடாது.

பொதுமக்களுக்கு 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வகை, அதை வாங்கும் கனவு வேண்டாம். குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. தொடங்க அதுவே போதும், அதுவே நல்லதும்கூட. வெடிச்சத்தமும் உதையும் இல்லாததால் விரலின் தவறு அப்படியே கார்டில் தெரியும்.

பிஸ்டலைக் காலி செய்யும் முறையைக் கை தூக்கத்திலும் மறக்கக் கூடாது. 9 மி.மீ.யில் முதலில் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) வெளியே. பிறகுதான் ஸ்லைடு (மேலே பின்னால் இழுக்கும் பகுதி). இந்த வரிசை மாறினால் ஸ்லைடை இழுத்து ஒரு ரவுண்டை (தோட்டாவை) வெளியேற்றிய கையோடு, மேகசினிலிருந்து அடுத்த ரவுண்டு சேம்பருக்குள் (குழலின் பின்முனை அறைக்குள்) ஏறிவிடும். ஆள் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஸ்லைடைப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தடவுங்கள். க்ளாக் வகைப் பிஸ்டலைத் துடைப்பதற்காகப் பிரிக்க டிரிகரை ஒருமுறை அழுத்தியே ஆக வேண்டும் என்பதால் அங்கே இந்தச் சோதனை இரண்டு முறை. ஏர் பிஸ்டல் என்றால் லீவரைத் திறந்து, குழலுக்குள் பாதுகாப்பு ஒயரைச் செருகி வையுங்கள்.

நிற்பது சுலபம்தான், ஆனால் பாதிப் பேர் சோதிப்பதில்லை. பக்கவாட்டில், தோள் அகலத்துக்குக் கால் வைத்து நில்லுங்கள். சுடாத கையைப் பாக்கெட்டில் விடுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். பிஸ்டல் கார்டுக்கு இடப்பக்கம் நின்றால் கையைத் திருப்பி இழுக்காதீர்கள், பின்காலை நகர்த்துங்கள். கையால் இழுத்துப் பிடித்தால் டிரிகர் விழும் நொடியில் தசை தன் பழைய இடத்துக்கே ஓடும்.

இனி விரல். முதல் கணுவுக்கு முன்னுள்ள சதையின் நடுப்பகுதி டிரிகரில் பட வேண்டும். கையை இலக்குக்கு மேலே தூக்கி, மூச்சைப் பாதி விட்டபடி கருப்பு வட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். இறங்கும்போதே டிரிகரின் முதல் கட்ட அழுத்தம் (தடை தட்டும்வரை வரும் லேசான இழுப்பு) முடிந்திருக்க வேண்டும். பார்வை முன்குறியின் மேல்விளிம்பில். கருப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். கருப்பு தெளிவாகத் தெரிகிறதா, முன்குறியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அழுத்தம் நிற்காமல் ஏற வேண்டும். "இப்போது நடுவில் இருக்கிறது, விடு" என்று மனசு சொல்லும் பாருங்கள், அந்த நொடியில்தான் ஏழும் ஆறும் பிறக்கின்றன. ஐந்திலிருந்து எட்டு நொடிக்குள் டிரிகர் விழ வேண்டும். பத்து தாண்டினால் கையை இறக்கிவிடுங்கள். இறக்கத் துணிவதும் பயிற்சிதான். சுட்ட பிறகும் ஒரு நொடி குறியிலேயே இருங்கள்.

வீட்டில் வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தினம் 20 நிமிடம் வெற்று டிரிகர் (காலி பிஸ்டலில்) அழுத்துங்கள். சுவரில் புள்ளி வைக்க வேண்டாம். வைத்தால் கண் அங்கே போய்விடும். சர்வீஸ் பிஸ்டலில் (போலீஸ் 9 மி.மீ.) ஸ்லைடின் முன்பக்கம் ஒரு நாணயம் வைத்து, விழாமல் பத்து முறை அழுத்த வேண்டும். ஹை-பவர் வகை 9 மி.மீ. பிஸ்டலில் மேகசின் இல்லாமல் டிரிகர் வேலை செய்யாது. காலி மேகசின் போட வேண்டும். அது காலிதானா என்பதை வெளிச்சத்தில் பாருங்கள். ரவுண்டுகள் வேறு அறையில் இருக்கட்டும்.

கார்டைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. வலக்கைக்காரருக்கு இடது கீழே ஓட்டைகள் கூடினால் டிரிகரோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. நேர் கீழே என்றால் உதையை எதிர்பார்த்து மணிக்கட்டு குனிகிறது. இதைத் தாண்டிப் பல மூலைகளுக்கும் காரணம் சொல்லும் வட்ட வரைபடங்களை நம்பிக் குறியைத் திருகாதீர்கள். க்ரூப் (ஓட்டைகளின் கூட்டம்) இறுக்கமாக, ஒரே பக்கம் விலகியிருந்தால் மட்டும் திருகுங்கள். சிதறியிருந்தால் கோளாறு கையில். 9 மி.மீ.யில் சந்தேகமிருந்தால், உங்களுக்குத் தெரியாமல் இன்னொருவர் மேகசினில் ஒரு டம்மி ரவுண்டைக் (வெடிக்காத போலித் தோட்டா) கலக்கட்டும். அது வரும்போது குழல் முனை குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

சேலத்து மே மாதத்தில் பூட்டிய காருக்குள் ஏர் பிஸ்டலின் காற்று சிலிண்டரை வைத்துவிட்டுப் போகாதீர்கள். 30 டிகிரியில் 200 பார் நிரப்பியது 60 டிகிரியில் 220-ஐத் தொடும். உள்ளங்கை வியர்த்தால் கிரிப் சறுக்கும், சறுக்கினால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கினால் கை நடுங்கும். ஐந்து சுடுதலுக்கு ஒருமுறை துண்டால் துடையுங்கள். ஏற்காட்டுக்காரர்களுக்குப் பிரச்சினை வேறு. பனிக்காலையில் விரல் விறைத்து முதல் கட்டம் முடிந்ததே உணர்வுக்கு வராது. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்குங்கள். குளிரில் இருந்த உலோகத்தைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் ஈரம் பூக்கும். துடைக்காமல் பெட்டியில் மூடினால் துருதான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த கையோடு லேனில் (சுடும் இடத்தில்) நிற்காதீர்கள், தலை சுற்றலோடு மார்க் வராது.

தகுதிச் சுற்று என்பது 60 சுடுதல்; எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் 75 நிமிடம். அதற்கு முன் 15 நிமிடம் தயாராகவும் சோதித்துச் சுடவும். சுடுதலுக்கு 75 நொடி கிடைக்கிறது, அவசரமே இல்லை. 2024 பாரிஸில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் எடுத்தது 580. பத்தும் ஒன்பதும் மட்டுமே சுட்டாலும் அதில் 20 ஒன்பதுக்கு இடமுண்டு. ஒரு ஒன்பதுக்காக அடுத்ததை அவசரப்பட்டுச் சுட்டு ஏழாக்காதீர்கள்.

கருவிச் சோதனையில் டிரிகர் 500 கிராம் எடையைத் தாங்கித் தூக்க வேண்டும். சரியாக 500-க்கே திருகி வைத்தால் அங்கே நழுவிவிடும். 510, 520-ல் வைத்து முந்தின நாளே தூக்கிப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு திருகைத் தொடாதீர்கள்.